வெட்டு, துருப்பு, ஆல் இன்: சீட்டு மேசையின் பேச்சு

போக்கர், 52 சீட்டுகளை வைத்துப் பந்தயம் கட்டி ஆடும் ஆட்டம். ரம்மியில் சீட்டைச் சேர்த்து முதலில் முடிப்பவர் ஜெயிக்கிறார். போக்கரில் அப்படி இல்லை. கையில் நல்ல சீட்டு இருப்பவர் தோற்கலாம். ஒன்றுமே இல்லாதவர், இருப்பதுபோலக் காட்டிப் பந்தயத்தை ஏற்றி, மற்றவர்களை விலகவைத்து மொத்தப் பணத்தையும் அள்ளலாம். அதனால் அந்த மேசையில் சீட்டுகளுக்கு உள்ள பெயர்களைவிடப் பந்தயத்துக்கும் ஆட்களின் குணத்துக்கும் உள்ள பெயர்கள் அதிகம். அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: ஆடுபவர் செய்வதைச் சொல்பவை, சீட்டில் தானாக விழுவதைச் சொல்பவை, பணத்தைக் குறிப்பவை. முதல் இரண்டில் எது பெரிது என்பதுதான் இந்திய நீதிமன்றங்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கு. மூன்றாவது வகையை ஆட வருபவர்கள் கடைசியாகத்தான் கற்கிறார்கள், பெரும்பாலும் கைக்காசு போன பிறகு.

எந்த விளையாட்டுக்கும் தனிப் பேச்சு உண்டு. தை முதல் நாள் மதுரை அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு வாடிவாசல் பக்கம் நிற்பவருக்குப் ‘பிடிமாடு’ என்பதும் ‘நின்னு விளையாடுற மாடு’ என்பதும் தெரியாவிட்டால் மைக்கில் சொல்வதில் பாதி விளங்காது. சீட்டும் அப்படித்தான். போக்கர் வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ்நாட்டு மரத்தடிகளிலும் மனமகிழ் மன்றங்களிலும் சீட்டுக்கென்று ஒரு பேச்சு வளர்ந்திருந்தது. போக்கர் சொற்களைப் புரிந்துகொள்ள அங்கிருந்து தொடங்குவதே எளிது.

சீட்டைக் கலைப்பது, பக்கத்தில் இருப்பவர் வெட்டுவது, ஒருவர் போடுவது என்று ஆட்டம் தொடங்கும். நான்கு சின்னங்கள்: இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர். இந்தப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்திலிருந்து நேரே வந்தவை அல்ல. கடற்கரையில் வணிகம் செய்த டச்சுக்காரர்களின் மொழியில் கிளப்ஸுக்குக் கிளாவர், ஹார்ட்ஸுக்கு ஹார்ட்டன், துருப்புக்கு ட்ரூஃப் என்று பெயர். தமிழ்ச் சொற்களில் அந்தச் சாயல் அப்படியே இருக்கிறது. துருப்பு, மேசையை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட சொல். கட்சித் தலைவர் கடைசி நேரத்தில் எடுக்கும் முடிவைத் ‘துருப்புச் சீட்டு’ என்று எழுதும் செய்தியாளர் ஒருநாளும் சீட்டைத் தொட்டிருக்க வேண்டியதில்லை.

துருப்பு வைத்து ஆடும் ஆட்டங்களில் தமிழர்களிடம் பெயர் பெற்றது முந்நூற்றுநாலு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆடப்படுகிறது. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று ஒரு சின்னத்துக்கு 76 புள்ளி. நான்குக்கும் சேர்த்து 304. ஏலம் கேட்டு, துருப்பை மறைத்து, கூட்டாளியின் கையை அவர் போடும் சீட்டிலிருந்தே ஊகித்து ஆட வேண்டும். நினைவாற்றல் இல்லாதவருக்கு அந்த மேசையில் இடமில்லை.

அதற்கு நேரெதிர் மங்காத்தா. ஒரு சீட்டைக் குறித்துக்கொண்டு, மீதிக் கட்டை உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். குறித்த எண் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் காசு கட்டியவருக்கு வெற்றி. வடக்கில் இதற்கு அந்தர் பாஹர் என்று பெயர். 2011இல் அஜித் நடித்த படத்துக்கு இந்த ஆட்டத்தின் பெயரையே வைத்தார்கள். ஆடுபவர் இதில் யோசிக்க எதுவும் இல்லை; காசை எங்கே வைப்பது என்பது ஒன்றுதான் அவர் கையில். ‘மூணு சீட்டு’ என்பதற்கு இரண்டு பொருள். ஆளுக்கு மூன்று சீட்டு கொடுத்துப் பந்தயம் ஏற்றும் ஆட்டம் ஒன்று; இது பிரிட்டிஷாரின் பிராக் என்னும் ஆட்டத்தின் வழி வந்தது, போக்கருக்கு நெருங்கிய உறவு. இன்னொன்று, திருவிழாக் கூட்டத்தில் மூன்று சீட்டைக் கவிழ்த்துப்போட்டு ராணி எங்கே என்று கேட்கும் மோசடி. அது ஆட்டமே அல்ல. கை வேகத்தில் சீட்டு மாறிவிடும். முதலில் ஜெயிப்பவன் அவர்களின் ஆள்.

நடுவில் நிற்பது ரம்மி. பதின்மூன்று சீட்டு, ஜோக்கர், சீக்வன்ஸ், செட். ஜோக்கர் கலக்காத முதல் சீக்வன்ஸுக்கு ‘லைஃப்’ என்று பெயர். அது விழாதவரை கையில் உள்ள மற்ற எல்லாமே பாரம். கை சரியில்லை என்று முதலிலேயே விலகினால் 20 புள்ளி, நடுவில் விலகினால் 40, முழுதாகத் தோற்றால் 80. இந்த விலகலை டிராப் என்றும் சில இடங்களில் ஸ்கூட் என்றும் சொல்வார்கள். நல்ல ரம்மி ஆட்டக்காரரை அவர் எத்தனை முறை ஜெயிக்கிறார் என்பதைவிட எப்போது விலகுகிறார் என்பதில் கண்டுபிடிக்கலாம். போக்கருக்குள் நுழைய இந்த ஒரு வழக்கம் போதும். அங்கே விலகுவதற்குப் பெயர் ஃபோல்டு. சராசரி ஆட்டக்காரரைவிடத் தேர்ந்தவர் அதிகம் செய்வதும் அதுவே.

போக்கர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் மிசிசிப்பி ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகளிலும் முதலில் 20 சீட்டு வைத்து ஆடினார்கள். சில பத்தாண்டுகளில் முழுக் கட்டுக்கு மாறியது. இன்று போக்கர் என்றாலே பலருக்கும் டெக்சாஸ் ஹோல்டம்தான். டெக்சாஸின் ராப்ஸ்டவுன் என்ற சிற்றூரை அந்த ஆட்டத்தின் பிறப்பிடமாக 2007இல் மாநிலச் சட்டமன்றம் அங்கீகரித்தது. லாஸ் வேகாஸில் 1970இல் தொடங்கிய உலகப் போக்கர் தொடர் இந்த ஆட்டத்தைப் பரப்பியது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் சிறு தொகை கட்டி ஜெயித்த நுழைவுச் சீட்டோடு அங்கே போய் 25 லட்சம் டாலர் வென்றார். உலகெங்கும் லட்சக்கணக்கானோர் கணினித் திரையில் போக்கர் ஆட உட்கார்ந்தது அதன் பிறகுதான்.

ஒரே ஒரு கையை முதலிலிருந்து முடிவுவரை பார்த்தால் பாதிச் சொற்கள் தெளிவாகிவிடும். ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சீட்டுப் போடுபவர் யார் என்பதைக் காட்டும் வட்ட வில்லைக்குப் பட்டன் என்று பெயர். ஒவ்வொரு கைக்கும் அது ஓர் இடம் நகரும். பட்டனுக்கு இடப்பக்கத்தில் இருக்கும் இருவர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயமாகப் பணம் வைக்க வேண்டும். அதுதான் பிளைண்ட், கண்ணை மூடிக்கொண்டு வைக்கும் பணம். முதலாமவர் 5, அது ஸ்மால் பிளைண்ட். அடுத்தவர் 10, அது பிக் பிளைண்ட். பிறகு ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுக்கப்படும். இவை ஹோல் கார்டுகள்.

பட்டனில் இருப்பவருக்கு ஆட்டின் ஏஸும் ஆட்டின் ராஜாவும் வந்திருக்கின்றன. அவருக்கு முன் பேச வேண்டிய மூவரும் ஃபோல்டு சொல்லிச் சீட்டைத் தள்ளிவிட்டார்கள். அவர் 30 வைக்கிறார், இது ரைஸ். ஸ்மால் பிளைண்ட் தன் 5ஐ விட்டுவிட்டு விலகுகிறார். பிக் பிளைண்ட் இன்னும் 20 சேர்த்துச் சமன் செய்கிறார், இது கால். நடுவில் குவிந்த பணத்துக்குப் பாட் என்று பெயர், இப்போது 65.

இனி எல்லோருக்கும் பொதுவான சீட்டுகள் வரும். முதலில் ஒரே நேரத்தில் மூன்று, அதுதான் ஃபிளாப். ஆட்டின் ஒன்பது, ஆட்டின் நான்கு, கிளாவர் ராணி விழுந்திருக்கின்றன. பட்டன்காரர் கையில் இன்னும் ஒரு ஜோடிகூடச் சேரவில்லை. ஆனால் ஆட்டின் சீட்டுகள் நான்கு சேர்ந்துவிட்டன. ஐந்தாவதும் வந்தால் ஃபிளஷ். இப்படிக் காத்திருக்கும் நிலைக்கு டிரா என்று பெயர். பிக் பிளைண்ட் பந்தயம் எதுவும் வைக்காமல் செக் சொல்கிறார். பட்டன்காரர் 40 வைக்கிறார். எதிராளி பயந்து விலகினாலும் லாபம், விலகாமல் ஆட்டின் விழுந்தாலும் லாபம். இதை செமி புளஃப் என்பார்கள். எதுவுமே வர வாய்ப்பில்லாமல் மிரட்டினால் அது முழுப் புளஃப். எதிராளி கால் செய்ய, பாட் 145 ஆகிறது.

நான்காவது பொதுச் சீட்டு டர்ன். டைமன் இரண்டு விழுகிறது, யாருக்கும் பயனில்லை. இப்போது பிக் பிளைண்ட் தானே முந்திக்கொண்டு 45 வைக்கிறார். பட்டன்காரர் முன்னால் உள்ள கேள்வி: 45 கட்டலாமா? கண்ணில் படாத சீட்டுகள் 46. அவற்றில் ஆட்டின் சீட்டுகள் ஒன்பது. அவருக்கு உதவும் இந்த ஒன்பதுக்கும் அவுட்ஸ் என்று பெயர். வாய்ப்பு 46இல் 9, அதாவது 19.6 சதவீதம். அவர் 45 கட்டினால் பாட் 235 ஆகும். 235இல் 45 என்பது 19.1 சதவீதம். கட்டும் பணத்துக்கும் கிடைக்கக்கூடிய பணத்துக்கும் உள்ள இந்த விகிதம் பாட் ஆட்ஸ். வாய்ப்பு, விலையைவிட ஒரு நூலளவு அதிகம் இருப்பதால் அவர் கால் செய்கிறார். எதிராளி 45க்குப் பதில் 100 வைத்திருந்தால், ஃபிளஷை மட்டும் எதிர்பார்த்து அந்தப் பணத்தைக் கட்டியிருக்க முடியாது.

கடைசிச் சீட்டு ரிவர். ஆட்டின் ஆறு! ஏஸில் முடியும் ஃபிளஷ் சேர்ந்துவிட்டது. தரையில் கிடக்கும் இந்த ஐந்து சீட்டுகளை வைத்து இதைவிடப் பெரிய கையை யாராலும் சேர்க்க முடியாது. அப்படிப்பட்ட கைக்கு நட்ஸ் என்று பெயர். எதிராளி செக் சொல்ல, பட்டன்காரர் 150 வைக்கிறார். எதிராளி நெடுநேரம் யோசித்துவிட்டு, ராணி ஜோடியோடு உட்கார்ந்திருந்தாலும், சீட்டைக் காட்டாமலே தள்ளிவிடுகிறார். தள்ளிய சீட்டுக் குவியல் மக். இருவரும் கடைசிவரை நின்று கையைத் திறந்து காட்டியிருந்தால் அது ஷோடவுன். கையில் இருப்பது மொத்தத்தையும் ஒரே மூச்சில் நடுவில் தள்ளியிருந்தால் ஆல் இன்.

இந்த ஒரு கையில் டர்ன் வரை நடந்தது கணக்கும் கணிப்பும். ரிவரில் வந்தது தானாக விழுந்தது. ஐந்து முறையில் நான்கு முறை அந்த ஆட்டின் வந்திருக்காது. அப்போதும் 45 கட்டியது தவறான முடிவு ஆகாது என்பதுதான் போக்கரைப் புரிந்துகொள்ளத் தடையாக இருக்கும் இடம். சரியாக ஆடியும் தோற்கலாம், தவறாக ஆடியும் ஜெயிக்கலாம். ஓர் இரவின் கணக்கை வைத்து யார் கெட்டிக்காரர் என்று சொல்லவே முடியாது. சில ஆயிரம் கைகள் ஆடிய பிறகே திறமை தெரியத் தொடங்கும். கூடக்குறைய வரும் இந்த ஏற்றஇறக்கத்துக்கு வேரியன்ஸ் என்று பெயர். மேசையில் உட்காரும் புதியவர் முதலில் கற்க வேண்டிய சொல் இது.

கைகளின் வரிசை அவை எவ்வளவு அரிது என்பதைப் பொறுத்தது. 52 சீட்டிலிருந்து ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம். அவற்றில் ஒன்றுமே சேராதவை 13,02,540, பாதிக்குச் சற்று மேல். ஒரு ஜோடி மட்டும் உள்ளவை 10,98,240. எண்கள் தொடர்ச்சியாக வரும் ஸ்ட்ரெய்ட் 10,200. இதற்கு ரம்மியைப் போல ஒரே சின்னம் வேண்டியதில்லை. ஐந்தும் ஒரே சின்னமான ஃபிளஷ் 5,108. மூன்றும் இரண்டுமாகச் சேரும் ஃபுல் ஹவுஸ் 3,744. ஒரே எண் நான்கும் சேர்வது 624. பத்து முதல் ஏஸ் வரை ஒரே சின்னத்தில் வரும் ராயல் ஃபிளஷ் வெறும் நான்கு, அதாவது 6,49,740இல் ஒன்று. ரம்மி ஆடிப் பழகியவர்கள் ஸ்ட்ரெய்ட்டை ஃபிளஷைவிடப் பெரிதாக நினைப்பது இயல்பு. எண்ணிக்கையைப் பார்த்தால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்: அரிதானது எதுவோ அது மேலே.

கையில் வரும் இரண்டு சீட்டுக்குப் பட்டப்பெயர்கள் ஏராளம். ஏஸ் ஜோடிக்குப் புல்லட்ஸ் அல்லது பாக்கெட் ராக்கெட்ஸ். ராஜா ஜோடிக்குக் கவ்பாய்ஸ், ராணி ஜோடிக்கு லேடீஸ். ஜாக்கி ஜோடி, J என்னும் எழுத்தின் வளைவைப் பார்த்துத் தூண்டில் முள் என்னும் பொருளில் ஃபிஷ்ஹூக்ஸ். எட்டு ஜோடி, உருவத்தால் ஸ்னோமென். ஏஸும் எட்டுமாக இரண்டு ஜோடி வந்தால் ‘டெட் மேன்ஸ் ஹாண்ட்’, செத்தவன் கை. 1876 ஆகஸ்டில் டெட்வுட் என்ற ஊரில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட வைல்டு பில் ஹிக்காக்கின் கையில் அந்தச் சீட்டுகள் இருந்ததாகக் கதை. ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒருமுறைதான் வரும். அதை வைத்து ராஜா ஜோடியோடு மோதினாலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருமுறை தோற்க நேரும். அப்படித் தோற்பதற்குப் பேட் பீட் என்று பெயர். கட்டிய பணமெல்லாம் கடைசிச் சீட்டில் போவது அது. இரண்டு பேருக்குமே பெரிய கை வந்து, யாரும் விலக முடியாத நிலையில் ஒருவர் தோற்றால் கூலர். பேட் பீட் கதையைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது என்பது எல்லா மேசைகளிலும் தெரிந்த செய்தி. எல்லோரும் அந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

பேட் பீட்டுக்குப் பின் வருவது டில்ட். பழைய பின்பால் எந்திரத்தைப் பிடித்து ஆட்டினால் டில்ட் என்ற எழுத்து எரிந்து ஆட்டம் நின்றுவிடும். அதிலிருந்து வந்த சொல் என்பார்கள். தோல்வியின் ஆத்திரத்தில் கணக்கை மறந்து, விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று கண்டபடி பணத்தைத் தள்ளும் நிலை அது. தமிழில் ‘விட்ட காசைப் பிடிக்கிறேன்’ என்று சொல்வதும் இதுவே. சூதாட்டத்தால் அழிந்த குடும்பங்களின் கதையில் எல்லாம் இந்த ஒரு வாக்கியம் வருகிறது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் டில்ட்டை நோய்போலக் கருதி, அது வந்தவுடன் எழுந்து போய்விடுவார்கள். செல்போனில் தனியாக ஆடுபவரை எழுப்ப யாரும் பக்கத்தில் இல்லை.

ஆட்களின் குணத்தைச் சொல்லும் சொற்கள் கொஞ்சம் கொடியவை. பயந்து பயந்து நல்ல கையை மட்டும் ஆடுபவர் நிட். வருவதையெல்லாம் ஆடுபவர் லூஸ். அடித்து ஏற்றுபவர் அக்ரெசிவ். எதற்கும் விலகாமல் எல்லாவற்றுக்கும் காசு கட்டிக்கொண்டே போகிறவர் காலிங் ஸ்டேஷன். அவரிடம் புளஃப் செய்வது வீண். ஆடத் தெரிந்து மற்றவர்களின் பணத்தைத் தின்பவர் ஷார்க். தெரியாமல் வந்து மாட்டுபவர் ஃபிஷ். பெரும் பணத்தோடு வந்து அலட்டாமல் தோற்பவர் வேல், திமிங்கிலம். தேர்ந்த ஆட்டக்காரர் மேசையைத் தேர்ந்தெடுப்பதே அங்கே எத்தனை ஃபிஷ் என்று எண்ணித்தான். திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூது. சூதில் கிடைக்கும் வெற்றியை, தூண்டில் இரும்பை இரை என்று மீன் விழுங்குவதற்கு ஒப்பிட்டுத்தான் அந்த அதிகாரமே தொடங்குகிறது. முதலில் கிடைக்கும் சின்ன வெற்றிதான் முள் என்று வள்ளுவர் கண்டதை, போக்கர் மேசை அதே மீனைக் கொண்டு சொல்கிறது.

முகத்திலோ கையிலோ தன்னை அறியாமல் தெரிந்துவிடும் அடையாளம் டெல். நல்ல கை வந்தவுடன் விரல் நடுங்குவது, சில்லுகளைத் திரும்பத் திரும்ப அடுக்குவது, திடீரென்று பேச்சு நிற்பது. இவற்றை மறைப்பதுதான் போக்கர் ஃபேஸ். திரையில் முகம் இல்லை என்பதால், யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் வைக்கும் தொகையுமே அங்கே டெல்.

மூன்றாவது வகை, பணத்தின் சொற்கள். மேசையில் பணம் பணமாக இருக்காது. சில்லாக, சிப்ஸாக மாறிவிடும். உட்காரக் கட்டும் தொகை பை-இன். தீர்ந்தபின் மறுபடி வாங்குவது ரீபை. வைத்திருக்கும் மொத்தம் பாங்க்ரோல். பழைய சில்லுத் தொகுப்புகளில் நீலச் சில்லுக்கே அதிக மதிப்பு. பங்குச் சந்தைப் பக்கங்களில் வரும் ‘புளூ சிப் பங்குகள்’ அங்கிருந்து வந்ததுதான். ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கையிலிருந்து விடும்போது மனம் தயங்கும். பிளாஸ்டிக் வில்லையைத் தள்ளும்போது தயங்காது. திரையில் ஓர் எண் குறையும்போது இன்னும் குறைவாகவே தயங்கும். இந்தச் சொற்களின் வேலை அந்தத் தயக்கத்தைக் குறைப்பது.

இவற்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவது ரேக். ஒவ்வொரு பாட்டிலிருந்தும் மேசை நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் பங்கு அது. பெரும்பாலும் பாட்டில் சில சதவீதமாக, ஓர் உச்சவரம்போடு இருக்கும். மனமகிழ் மன்ற ரம்மியில் இதற்கு ஈடானது மேசைக் கட்டணம். சிறிய தொகையாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: பத்துப் பேர் ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள். ஒரு கைக்கு 20 ரூபாய் ரேக், மணிக்கு 25 கை. ஒரு மணி நேரத்தில் 500 ரூபாய் மேசையை விட்டுப் போகிறது. யாரும் புதிதாகப் பணம் போடாவிட்டால் 20 மணி நேரத்தில் பத்தாயிரமும் நடத்துபவரிடம் இருக்கும். போக்கரில் ஆடுபவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள், நிறுவனத்தோடு அல்ல என்று விளம்பரங்கள் சொன்னது உண்மை. ஆனால் பத்துப் பேரும் சமத் திறமை உள்ளவர்களாக இருந்தால் பத்துப் பேரும் தோற்பார்கள். ரேக்கையும் தாண்டி லாபம் பார்க்கும் அளவுக்குத் தன் திறமை பெரிதா என்று ஆட வருபவர்களில் வெகுசிலரே கேட்டுக்கொள்கிறார்கள்.

சட்டத்தில் இரண்டே சொற்கள்: திறமை, அதிர்ஷ்டம். 1930ஆம் ஆண்டின் மதராஸ் சூதாட்டச் சட்டம், பின்னாளில் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம், வெறும் திறமை சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. 1968இல் ஆந்திர அரசுக்கும் கே. சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விழும் சீட்டை நினைவில் வைத்து, எதை வைப்பது எதை விடுவது என்று கணிப்பதே காரணம். மூணு சீட்டு போன்ற ஆட்டங்களை வெறும் அதிர்ஷ்டம் என்று அதே தீர்ப்பு ஒதுக்கியது. போக்கர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சூதாட்டப் பட்டியலிலிருந்து விலக்கியது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் அதை அதிர்ஷ்ட ஆட்டம் என்றது.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் சூடுபிடித்தது மதுரையில்தான். 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி பி. புகழேந்தி, சீட்டாடியதாகப் போடப்பட்ட ஒரு வழக்கை விசாரித்தபோது, இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் தேவை என்றார். அதே ஆண்டு நவம்பரில், இணைய ரம்மி விளம்பரங்களில் நடித்த கிரிக்கெட் வீரர்களுக்கும் நடிகர்களுக்கும் மதுரைக் கிளை நோட்டீஸ் அனுப்பியது. அந்த மாதமே இத்தகைய ஆட்டங்களைத் தடை செய்யும் அவசரச் சட்டம் வந்தது. 2021 ஆகஸ்ட் 3ஆம் தேதி சென்னையில் தலைமை நீதிபதி சஞ்ஜீப் பானர்ஜி தலைமையிலான அமர்வு, அதற்குப் பதிலாக நிறைவேறிய சட்டத்தை ரத்து செய்தது. திறமை ஆட்டங்களை ஒரேயடியாகத் தடை செய்வது தொழில் செய்யும் உரிமைக்கு எதிரானது என்பது அதன் கருத்து. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் புதிய சட்டம் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டப்பேரவை மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணை ரம்மியையும் போக்கரையும் பெயர் சொல்லி அதிர்ஷ்ட ஆட்டங்களாகக் குறித்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை மட்டும் நீக்கி, நேரமும் வயதும் போன்ற கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றது. அதன்படி 2025இல் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்ற விதி வந்தது. ஜூன் மாதம் நீதிமன்றம் அதை ஏற்றது. தூக்கம் கெட்ட நேரம்தான் டில்ட் அதிகம் வரும் நேரம் என்பதால், இத்தனை ஆண்டு வாதங்களில் ஆடுபவரின் உடம்பை நேரடியாக நினைத்து எழுதப்பட்ட விதி அது.

இரண்டு மாதம் கழித்து எல்லாம் மாறியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் இரண்டும் கலந்ததானாலும், நடத்தவே தடை விதித்தது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. சட்டம் அவரைப் பாதிக்கப்பட்டவராகவே பார்க்கிறது. பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

இந்தச் சட்டம் இணையத்துக்கு மட்டும்தான். அவனியாபுரத்தில் மரத்தடியில் துண்டை விரித்து நாலு பேர் காசு வைத்துச் சீட்டுப் போட்டால், அவர்கள்மேல் பாய்வது இன்றும் 1930ஆம் ஆண்டுச் சட்டம். சீட்டுக்கட்டும் தரையில் கிடந்த ரொக்கமும் பறிமுதல் என்று மறுநாள் நாளிதழில் நான்கு வரியில் செய்தி வரும். காசு வைக்காமல் ஆடினால் எந்தச் சட்டமும் குறுக்கே வராது. முந்நூற்றுநாலும் ரம்மியும் போக்கரும் புளியங்கொட்டையைச் சில்லாக வைத்தும் ஆடக்கூடியவை. அவுட்ஸும் பாட் ஆட்ஸும் புளஃபும் அப்போதும் அதே கணக்கில்தான் நடக்கும்.